கோணலாக முடிந்த படம்

பன்னிரண்டரைக்கு என் நாத்தனார் வருவாள். பதினொன்றிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை கை கழுவிவிட்டேன். நோயாளி நாற்காலியை ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். "உட்காருங்களேன் டாக்டர், உங்களப் பார்த்தா எனக்கே பல் வலிக்குது" என்றாள் வரவேற்பில் இருக்கும் பெண். அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

நான் பல் சீரமைப்பு மருத்துவர். நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பென்சில் என்போம், அவ்வளவு ஒல்லி. பள்ளியில் கணக்கு டீச்சர். முன்பற்கள் நெருக்கியடித்துத் துருத்திக்கொண்டிருந்ததால், சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாயை மூடப் போகும். கம்பி கட்டலாம் என்றேன். "நாப்பது வாண்டுங்க முன்னாடியா? ஒரே நாள்ல எனக்குப் புதுப் பேர் வெச்சிடுவாங்க அண்ணி" என்றாள். சரி, பல் மேல் மாட்டிக் கழற்றுகிற, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் அலைனர் போட்டுவிடலாம் என்று நான்தான் ஏற்றிவிட்டேன். நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, அந்த இடத்துக்கு முன்பற்களை இழுப்பது திட்டம். மொத்தம் நாற்பது அலைனர். பத்து நாளைக்கு ஒன்று. தினமும் இருபத்திரண்டு மணி நேரம் வாயிலேயே இருக்க வேண்டும்.

பல் பிடுங்கிய இடத்தில் அலைனர் சொன்ன பேச்சைக் கேட்காது. மெல்லிய பிளாஸ்டிக்தானே, அந்த இடைவெளியில் வளைந்து கொடுத்துவிடும். பல் வேரோடு நகராமல் தலையை மட்டும் சாய்க்கும். அதனால் திட்டத்திலேயே வேண்டுமென்று எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து வைப்போம். அப்படிச் செய்தால் திட்டத்தைக் காட்டும் கணினிப் படத்தில் பற்கள் கோணல்மாணலாகத்தான் முடியும். வாயில் நேராக வர வாய்ப்பு உண்டு.

கணினியில் திட்டம் போடுகிற டெக்னீஷியன் அப்படித்தான் அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பியவள் நான். அந்தப் படத்தை அன்று மாலை வீட்டு டிவியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவதாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். கோணல் பல்லைக் காட்டினால் மாமியார் என்ன நினைப்பார்? 'முடிவு அழகாக இருக்கட்டும்' என்று எழுதினேன். அழகாகவே வந்தது. பற்கள் வரிசையாக நகர்ந்து போய் ஒட்டி நின்றன. மாமியார் கைதட்டினார். அந்த மிதப்பிலேயே திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்துவிட்டேன்.

பதினாறாவது அலைனரில் பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சந்து தெரிந்தது. சாப்பாட்டு மேசையிலேயே கேட்டேன், எல்லோர் முன்னாலும்.

"நீ ஒழுங்கா போடுறியா இல்லையா?"

எங்கள் தொழிலில் எப்போதும் கைவசம் இருக்கும் கேள்வி இது. நோயாளி மேல் பழியைப் போட்டுவிட்டால் நமக்கு நிம்மதி.

"போடுறேன் அண்ணி."

"போட்டா இப்படி ஆகாது."

மாமியார் பிடித்துக்கொண்டார். "எடுத்த காரியத்த இவ என்னிக்கு முழுசா முடிச்சிருக்கா?" என் கணவரும் தங்கைக்காக வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து பென்சில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அடுப்படியில் நின்றபடி எட்டு நிமிடத்தில் விழுங்கிவிட்டு, பல் தேய்த்து, அலைனரை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

நேற்று எடுத்த ஸ்கேனை இன்று காலை திட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். முன்பற்கள் உள்ளே சாய்ந்து கீழே இறங்கியிருந்தன. கடைவாய்ப் பற்கள், பல் பிடுங்கிய இடத்தை நோக்கிச் சரிந்து, மேலும் கீழும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. அப்போதும் ஒரு நப்பாசை. இவள் போடாமல் ஏமாற்றியிருந்தால் நான் தப்பித்தேன். அதற்காகத்தான் பழைய அலைனர்களையும் எடுத்துவரச் சொல்லியிருந்தேன்.

சொன்ன நேரத்துக்கு வந்தாள். பையிலிருந்து இருபத்து மூன்று சின்ன உறைகள் எடுத்து வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருந்தது. ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் கடிபட்டு, தேய்ந்து, மங்கிப்போயிருந்தன. மேசை டிராயரில் கிடக்கிற அலைனர் இப்படித் தேயாது. பத்தொன்பதாவதின் ஓரம் ஒடிந்து, பிறகு வழவழப்பாக்கப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"ஒடஞ்சு உதட்டக் கிழிச்சிடுச்சு. நகம் ராவுற அரத்தால ராவிட்டேன். கழட்டி வெச்சா நீங்க கோச்சுப்பீங்களேன்னு."

அதைத் திரும்ப உறைக்குள் வைத்தேன்.

"பென்சில், நீ ஒரு தப்பும் பண்ணல. திட்டம்தான் தப்பு. நான் கெடுத்த திட்டம்." டெக்னீஷியன் அனுப்பியது, நான் திருப்பியது, ஏன் திருப்பினேன் என்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். "இனிமே கம்பிதான். ஒன்றரை வருஷம் ஆகும்."

உறைகளை எண் வரிசைப்படி மறுபடி பைக்குள் வைத்தாள்.

"கம்பி கட்டுங்க, பரவால்ல. ஆனா அன்னிக்கு எங்கம்மா முன்னாடிதானே கேட்டீங்க? இதையும் அங்கயே சொல்லுங்க. என் காதுல மட்டும் சொல்லாதீங்க."

இன்று மாலை சாப்பாட்டு மேசையில் மற்ற எல்லோரும் உட்கார்ந்ததும், பென்சில் அடுப்படி வாசலில் நிற்க, அதே டிவியில் நான் திருப்பியனுப்பிய திட்டத்தைப் போட்டேன்.

"ஐயே, கோணலா முடியுதே" என்றார் மாமியார்.

"இதுதான் சரியான திட்டம் அத்தை. நீங்க முகம் சுளிப்பீங்கன்னு நான் வேண்டாம்னுட்டேன். அவ ஒரு நாள்கூட ஏமாத்தல. அன்னிக்கு நான் சொன்னது அபாண்டம்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்துவந்து வைத்தார். பென்சில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அலைனரைக் கழற்றி டப்பியில் வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். பின்பற்கள் சேராததால் ஒவ்வொரு வாயையும் முன்பற்களுக்குத் தள்ளித் தள்ளி மென்றாள். இரண்டு மாதமாக அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று நான் பார்த்ததே இல்லை. எட்டு நிமிடம் தாண்டியது. அவள் எழுந்திருக்கவில்லை. எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.