வெள்ளிக்கிழமைக் கட்டைகள்

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் கண்ணாடிக் குடுவை கழுவினால் நாளொன்றுக்கு மூன்று ரூபாய் கூலி. என்னோடு வேலை பார்த்த, ஐந்தாம் வகுப்போடு நின்ற பாஞ்சாலைக்கும் அதே மூன்று ரூபாய்தான். 1971-இல் விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றின் லேபில் நான் வாங்கிய சம்பளம் அது. அதைக் கேட்டுவிட்டு என் சித்தப்பா கலியமூர்த்தி சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

என்னைச் சிதம்பரத்தில் படிக்க வைக்க அப்பா கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த ஒரு காணி நிலத்தில் பாதியை விற்றார். அதே பணத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தால் இந்நேரம் சர்க்கார் சம்பளம், கெமிஸ்ட்ரிக்கு என்ன கிடைக்கும், சோப்புக் காய்ச்சலாம் என்று சித்தப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். என்னைச் சொன்னால் போகட்டும் என்று விட்டிருப்பேன். அந்த ஜூனில் என் தங்கை கனகா எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளியிலேயே முதலாவதாக வந்து நின்றாள். பி.யூ.சி.க்கு விண்ணப்பம் கொடுக்க அடுத்த செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒனக்கு வித்தது போதும் நீலா. படிச்சிட்டு நீ கழுவுற. அவ படிக்காமயே கழுவட்டும்."

கனகா விண்ணப்பத்தை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான்தான் கத்தினேன், சோறு வேண்டாம் என்றேன், விடிந்ததும் பழையதைத் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

கம்பெனியில் வேறொரு தலைவலி. நாங்கள் செய்தது மின்சார ஃபியூஸ் மாட்டும் பீங்கான் கட்டை. ஒருமுறை சுட்ட கட்டையைக் கிளேஸ் கரைசலில் தோய்த்து, ஒரு வாரம் தோய்த்ததை எல்லாம் சேர்த்து மறுபடி சூளையில் வைப்பார்கள், பளபளவென்று வரும். ஆனால் ஒவ்வொரு சூளையிலும் ஒரு பங்கு கிளேஸ் ஒட்டாமல் சொறி பிடித்த தலை மாதிரி திட்டுத்திட்டாக வந்தது. வருடக்கணக்காக இதே கதை. மேனேஜர் பாலகிருஷ்ணன் கிளேஸ் பவுடர் வியாபாரியை இரண்டு முறை மாற்றிப் பார்த்தார், சூளைக்காரர்களைத் திட்டிப் பார்த்தார். இப்படியே போனால் ஆட்குறைப்புதான் என்றார். முதலில் போவது குடுவை கழுவுகிறவள் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த அன்று வெள்ளிக்கிழமை. கழுவி வைத்த குடுவையில் தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. திரும்பக் கழுவினேன், திரும்ப நின்றது. கல்லூரியில் இப்படி நின்றால் வாத்தியார் விடவே மாட்டார். கண்ணாடியில் எண்ணெய் இருக்கிறது, போய்க் கழுவு என்பார். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று என் கையைப் பார்த்தேன். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை. ஈரம் காய நுனியை முடிந்து தொங்கவிட்டிருந்தேன், முன்னால் விழ விழக் கையால் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

தோய்க்கும் கொட்டகைக்கு ஓடினேன். பாஞ்சாலை, வீராயி, இன்னும் ஆறு பெண்கள், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து எல்லாருக்கும் அவிழ்ந்த தலை. முடியைத் தள்ளுவார்கள், கட்டையை எடுப்பார்கள், தோய்ப்பார்கள். ஒரு கட்டையில் சொட்டுத் தண்ணீர் விட்டேன், உடனே உறிஞ்சியது. பாஞ்சாலையின் கட்டைவிரல் பட்ட இடத்தில் விட்டேன், உருண்டு ஓடியது. கழித்துப்போட்ட தட்டுகளில் சாக்பீஸால் எழுதியிருந்த தோய்த்த தேதிகளைப் பார்த்தேன். அத்தனையும் வெள்ளிக்கிழமை.

எண்ணெய்க் கை பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டவில்லை என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன், அவர் நம்பவில்லை. இத்தனை வருஷமாக இவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லையா என்று கேட்டார்.

"இத்தன வருஷமா கெட்டுக்கிட்டுதான் இருக்குது சார். நீங்க கெழமய பாக்கல."

அவர் முகம் சிவந்தது. எனக்கும் வாய் அடங்கவில்லை. இருநூறு கட்டையைச் சலவைச் சோடாவில் கை கழுவி, தலையில் துண்டு கட்டித் தோய்க்கட்டும், இருநூறு எப்போதும்போல, ஒரே கிளேஸ், ஒரே சூளை. தப்பானால் நானே நின்றுகொள்கிறேன், சரியானால் கெமிஸ்ட் வேலையை எழுதிக் கையில் கொடுங்கள் என்றேன். எங்கள் தலைமேலேயே பழி போடுகிறாயா என்று பாஞ்சாலை முறைத்தாள். என் தலையும் அதே தலைதான் அக்கா என்றதும் முனகிக்கொண்டே துண்டை எடுத்துக் கட்டினாள்.

செவ்வாய் காலை சூளை பிரித்தார்கள். எப்போதும்போலத் தோய்த்த இருநூறில் அறுபத்தெட்டு சொறி. கை கழுவித் தோய்த்த இருநூறில் ஒன்றுகூட இல்லை! மேனேஜர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். கெமிஸ்ட், மாதம் இருநூற்று நாற்பது ரூபாய். கையெழுத்தாகும் வரை நான் மேசையை விட்டு நகரவில்லை.

விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள் என்று உத்தரவோடு பதினோரு மணிக்கே வீட்டுக்கு ஓடினேன், அங்கே சித்தப்பாவும் இருந்தார். உத்தரவை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார்.

"எண்ணெக் கைய கண்டுபுடிக்கவா அரைக்காணி?"

"ஆமா சித்தப்பா. அரைக்காணி குடுக்காதவங்க ஒருத்தர் கண்ணுலயும் அது படலயே."

சித்தப்பா உத்தரவை அப்பாவிடம் நீட்டினார். எனக்கு அந்த நிமிஷமே போதும் போலிருந்தது. அப்பா கனகாவைப் பார்த்து விண்ணப்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். பேனாவைத் திறந்தவர் சற்று யோசித்து, மீதி அரைக்காணியை வாங்கவும் ஆள் பார்க்க வேண்டும் என்றார்.

"நெலத்த தொடாதீங்கப்பா. அவ எஞ்சம்பளத்துல படிப்பா."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் பெயரைச் சுப்புராயன் என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். மை காயும் வரைகூடக் கனகா நிற்கவில்லை. சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்கத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.