முப்பதாயிரத்து முப்பத்தொன்று

நாற்பத்தேழால் வகுத்துப் பார்த்தாள் ஜோசலின். மீதி நாற்பத்தைந்து. அடித்துவிட்டு ஐம்பத்துமூன்றுக்குத் தாவினாள். இன்னும் நான்கே நிமிடம்.

இரும்புலியூர்ப் பள்ளி அரங்கில் பள்ளிகளுக்கிடையேயான கணிதப் போட்டி. கடைசிக் கேள்வி: 30031 பகா எண்ணா, பகு எண்ணா? ஜோசலினின் மாணவி ஸஹானா பகு எண் என்றாள். நடுவர் சாம்பசிவன், ஓய்வு பெற்ற பேராசிரியர், தவறு என்று மணியடித்தார். மேல்முறையீடு செய்யலாம், பத்து நிமிடத்துக்குள் நிரூபிக்க வேண்டும், கையால். செல்போன்களை வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் வாங்கிப் போட்டுவிட்டார்கள்.

கோப்பையில்லாமல் கூடுவாஞ்சேரி திரும்பினால் கணித மன்றத்தை மூடிவிட்டு அந்த அறையைக் கராத்தேக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார் தாளாளர் ஜெபராஜ். கராத்தே மாஸ்டர் ஏற்கெனவே வந்து தரையை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

சாம்பசிவனின் வாதம் எளிமையானது. 2, 3, 5, 7, 11, 13. எல்லாவற்றையும் பெருக்கினால் 30030. ஒன்றைக் கூட்டிவிட்டால் இந்த ஆறில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆகவே பகா எண். கேட்க அழகாகத்தான் இருந்தது. பதின்மூன்றோடு பகா எண்கள் தீர்ந்துபோய்விடவில்லை என்பதுதான் தொல்லை. அதை மறப்பது எத்தனை சுலபம் என்று ஜோசலினுக்குத் தெரியும்.

உனக்கு எப்படித் தெரிந்தது என்று ஸஹானாவைக் கேட்டதற்கு, இவ்வளவு பெரிய நம்பர் எதனாலயாவது வகுபடாமலா போயிடும் என்று நினைத்ததாகச் சொன்னாள். நிரூபணமாக அதை எழுதிக்கொடுக்க முடியாது.

ஐம்பத்துமூன்று: மீதி முப்பத்துமூன்று. ஐம்பத்தொன்பது: ஈவு ஐந்நூற்றொன்பது. மீதி பூஜ்யம்.

இன்னொரு முறை பெருக்கிப் பார்த்துவிட்டு மேடைக்கு ஓடினாள். சாம்பசிவனும் தன் பங்குக்குப் பெருக்கிப் பார்த்தார். கணக்கு சரிதான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு போட்டியின் ஏழாவது விதியைக் காட்டினார்.

போட்டிக்கான கையேட்டில் உள்ளதே இறுதி. அதைத் திருத்த எழுதியவருக்கு மட்டுமே உரிமை, அதுவும் கையெழுத்தோடு. கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் 30031 பகா எண் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அட்டையில் பெயர் கிடையாது; 'அனுபவமிக்க ஆசிரியர் ஒருவர் தொகுத்தது', அவ்வளவுதான். தாம்பரம் வட்டாரத்தில் முப்பது பள்ளிகள் அதை வைத்துத்தான் படித்தன. அந்த முப்பது பள்ளிகளின் கணக்கு வாத்தியார்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"விட்டுடுங்க மிஸ்," என்றார் கீழ்க்கட்டளை அணியின் ஆசிரியர் காலேப். "பகா எண்ணுன்னு சொன்னா அது என்ன கோவிச்சுக்கவா போகுது?"

ஒரு நிமிடம் இருந்தது. ஜோசலின் ஸஹானாவைப் பார்த்தாள். பேனாவைத் திறந்து கையேட்டில் அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் 59 × 509 என்று எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

"மேடம், நீங்க போட்டா செல்லாது," என்றார் சாம்பசிவன்.

"செல்லும் சார். இந்தக் கையேட்டை எழுதினது நான்தான்."