தலையில் கட்டிய தபால்தலை

கடைக் கூரையிலிருந்து ஒழுகிய மழைத்தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிவதைக்கூட மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கவனிக்கவில்லை. பிரேம் மாட்டும் மேசையில் விளக்கைத் தாழ இழுத்துக்கொண்டு, பழைய தபால்தலை ஒன்றை இடுக்கியால் பிடித்து, லென்ஸுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போதோ ஆட்சி மாறியபோது, பழைய ராஜாவின் படம் போட்ட தபால்தலைகளை வீணாக்க மனமில்லாமல், அவற்றின் மேலேயே புது ஆட்சியின் பெயரைக் கறுப்பு எழுத்தில் அச்சடித்து விற்றார்கள். அந்த வகைத் தபால்தலை அது. கறுப்பு எழுத்து இருந்தால் பொக்கிஷம், இல்லாவிட்டால் குப்பைக் காகிதம். ஓரத்துப் பற்களில் ஒன்றுகூட உடையவில்லை. பின்பக்கம் எங்கும் உரியவில்லை. படம் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. முந்தின வாரம் பழம்பொருள் வியாபாரியிடம் அதை வாங்கி வந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தபால் ஆபீஸ் முத்திரையின் வட்டக் கோடு, கறுப்பு எழுத்தைத் தொடும் இடத்தில் மறைந்து, மறுபக்கம் மறுபடி தொடங்கியது. அதாவது, முத்திரைக்கு மேல் எழுத்து ஏறி உட்கார்ந்திருந்தது. முத்திரை என்பது தபாலில் போகும்போது கடைசியாகக் குத்துவது. எழுத்து அதற்கு அடியில் அல்லவா இருக்கவேண்டும்? பயணம் முடிந்த பிறகு டிக்கெட் கிழித்த கதை. யாரோ காசு பெறாத பழைய தபால்தலையை எடுத்து, அதன்மேல் எழுத்தை அச்சடித்திருக்கிறார்கள்.

"ஏங்க, கூரைக்காரர் வந்துட்டுப் போனாரு," என்று உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "தகடு மாத்த எடுத்து வச்ச பணத்தைத்தான் நீங்க காகிதமா மாத்திட்டீங்களே, என்ன பதில் சொல்றது? ஒரு மாசத்துல நல்ல விலைக்குப் போகும்னீங்க."

"போகும், போகும். கொஞ்சம் பொறு," என்றார் அவர். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

மறுநாள் வியாபாரியின் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டார். வியாபாரி பதறவில்லை. லென்ஸை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பித்தளை விளக்கு ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தான்.

"சரி, டூப்ளிகேட்தான். அதுக்கு என்ன இப்போ? எனக்கும் ஒருத்தன் தலையில கட்டிட்டுத்தான் போனான். நான் உக்காந்து அழுதேனா? உங்களுக்குக் கொடுத்தேன். நீங்களும் இன்னொருத்தருக்குக் கொடுங்க."

"போலீசுக்குப் போவேன்."

"போங்களேன். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவரு, சொந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஏமாந்துட்டாருன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். அப்புறம் கடைக்கு எவன் வருவான்?"

கடைக்காரருக்கு அந்தச் சொல்தான் தைத்தது. தபால்தலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். அப்போதுகூட அதை யாருக்கும் விற்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

கடைக்காரர் உறுப்பினராக இருந்த தபால்தலை சேகரிப்போர் சங்கத்தில் டிரைவர் என்று ஒருவர் இருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பார்வை மங்கியதும் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, பணிமனை ஸ்டோரில் உட்கார வைத்து, அங்கிருந்தே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போகிற வழியிலுள்ள அலுவலகங்களில் கேட்டு வாங்கிய உறைகளிலிருந்து பிரித்தெடுத்து ஒட்டிச் சேர்த்தவைதான் அவருடைய ஆல்பங்கள். எல்லாம் எங்கும் கிடைக்கும் சரக்கு. "அண்ணன் வண்டியில எல்லாமே ஆர்டினரி. எக்ஸ்பிரஸ் ஒண்ணுகூடக் கிடையாது," என்று சங்கத்துத் தலைவரான பல் டாக்டர் கேலி செய்வார். டிரைவரும் சேர்ந்து சிரிப்பார்.

மூக்குக்கண்ணாடியின் காலை இறுக்கிக்கொள்ளக் கடைக்கு வந்த டிரைவர், மேசையில் கிடந்த தபால்தலையைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இது எழுத்து போட்ட ராஜாதானே?"

"ஆமாண்ணே."

டிரைவர் அதைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "கொடுக்கிற எண்ணம் உண்டா? இந்த வருஷக் கண்காட்சியில ஒரே ஒரு உருப்படி நான் தலை நிமிர்ந்து வைக்கணும் தம்பி. என் ஆல்பமெல்லாம் வித்துடறேன், குறையறதுக்கு ரிட்டையர் பணம் இருக்கு. அதுங்களைப் பாக்கத்தான் கண்ணும் ஒத்துழைக்கலையே."

உள்ளே வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அசல்தானே? நீங்க பாத்தீங்கல்ல?" என்று கேட்ட டிரைவர், பதிலுக்குக் காத்திருக்காமல் தானே சிரித்துக்கொண்டார். "நான் ஒரு ஆளு. உங்ககிட்டயே கேக்கறேன் பாருங்க. நீங்க பாத்தா போதும்."

கடைக்காரர் தலையை ஆட்டினார். வாய்திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான்.

கூரை மாறியது. மழை உள்ளே வரவில்லை.

கண்காட்சி நூலக மாடியில் நடந்தது. டிரைவர் வெள்ளைச் சட்டை போட்டு, மகளையும் அழைத்து வந்திருந்தார். கண்ணாடிச் சட்டத்தின் நடுவே அந்த ஒற்றைத் தபால்தலை. வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பல் டாக்டரே, "எக்ஸ்பிரஸ் விட்டுட்டீங்களே அண்ணே!" என்று முதுகில் தட்டினார்.

வெளியூரிலிருந்து வந்த நடுவர் அம்மாள் அந்தச் சட்டத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு சட்டத்தைத் திறக்கச் சொல்லி லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"ஐயா, மன்னிச்சுக்குங்க. இது போலி. முத்திரைக்கு மேல எழுத்து இருக்கு. இதைக் காட்சியில வைக்க முடியாது."

டிரைவருக்கு முதலில் புரியவே இல்லை. "இல்லம்மா, நல்லாப் பாருங்க. பாக்க வேண்டியவங்க பாத்துக் கொடுத்ததுதான்," என்றார். நடுவர் அம்மாள் லென்ஸை அவரிடமே நீட்டினார். டிரைவர் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். கறுப்பாக ஏதோ தெரிந்தது. அவருடைய கண்ணுக்கு அதற்குமேல் தெரியாது.

"யார்கிட்ட வாங்கினீங்க?" என்று பல் டாக்டர் அதட்டலாகக் கேட்டார். "சங்கத்து மானம் போகுது. சொல்லுங்க."

டிரைவரின் பார்வை கூட்டத்தைத் துழாவிக் கடைக்காரரின் மேல் நின்றது. டிரைவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"சந்தையில வாங்கினேன் சார். ஆள் யாருன்னு தெரியாது."

அடுத்த கூட்டத்தில் டிரைவரின் பெயரை நீக்கத் தீர்மானம் வந்தது. போலியை வைத்துப் பரிசு வாங்கப் பார்த்தார் என்று குற்றச்சாட்டு. ஆதரிப்பவர்கள் கைதூக்கச் சொன்னார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தபோது, கடைக்காரரின் கையும் காதுவரை உயர்ந்தது.

அன்று மாலை டிரைவர் கடைக்கு வந்தார். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க தம்பி. உங்களையும் எவனோ நல்லா ஏமாத்திட்டான். மனசு விட்டுடாதீங்க," என்றார் டிரைவர். "உங்க பேரை நான் எங்கயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். உங்க கண்ணை நம்பித்தானே ஜனம் வருது? எனக்கென்ன, வண்டியை ஷெட்டுல விட்ட ஆளு."

சொல்லியிருக்கவேண்டிய நேரம் அதுதான். 'அண்ணே, எனக்குத் தெரியும்ணே' என்ற மூன்று சொல் தொண்டைவரை வந்தது. அதற்குள் சோடாபுட்டிக் கண்ணாடி கேட்டு ஒரு வாடிக்கையாளர் உள்ளே நுழைந்தார். கடைக்காரர், பிழைத்தோம் என்று அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விஷயம் பணிமனைக்கும் எட்டியது. கூட வேலை பார்த்தவர்களே 'டூப்ளிகேட் டிரைவர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில் அவர் காசு கொடுத்தால், "நோட்டு நல்லதான்னு பாருடா," என்று ஒருவன் சிரித்தான். டிரைவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு வெளியே வருவதையே நிறுத்தினார். இதையெல்லாம் கேள்விப்பட்ட ஒவ்வொரு முறையும் கடைக்காரர், வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஞாயிறுகள் வந்தன, போயின. சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டால், வெயில் என்றார்.

டிரைவருக்குப் பக்கவாதம் என்ற செய்திதான் அவரைக் கடைசியில் கிளப்பியது.

பொது வார்டில் சுவரோரக் கட்டில். டிரைவரின் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாத முகம் யாருடையதோ போலிருந்தது. மகள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை காலம் 'சித்தப்பா' என்று வாய்நிறையக் கூப்பிட்டவள், "வாங்க சார்," என்றாள்.

கடைக்காரர் நின்றபடியே ஆரம்பித்தார். "அம்மா, உங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தத் தபால்தலை..."

"தெரியும் சார்."

"எப்படிம்மா?" என்றார் அவர்.

"போன வாரம் ஒரு வியாபாரி வீட்டுக்கு வந்தான். அந்தத் தபால்தலையைத் திருப்பிக் கொடுத்தா பாதி விலை தர்றேன், வேற ஊர்ல தள்ளிடலாம்னான். அப்பா யோசிச்சப்போ, 'கண்ணாடிக்காரர் என்கிட்ட வந்து சண்டை போட்டுட்டு, அப்புறம் உங்களுக்குக் கொடுக்கலையா? அவருக்கு இல்லாத நியாயமா உங்களுக்கு?'ன்னு கேட்டான். அப்பதான் அவருக்குத் தெரிஞ்சது."

"என்ன சொன்னாரு?" என்று கேட்டார் கடைக்காரர்.

"உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. தபால்தலையை எடுத்துட்டு வந்து அவன் முன்னாலயே கிழிச்சு அடுப்புல போட்டாரு. 'கண்ணு தெரியாத எவனோ ஒருத்தன் எங்கயோ இதுக்குக் காத்துக்கிட்டிருப்பான். வேணாம், என்னோட போகட்டும்'னாரு. அப்புறம் சாப்பிடவே இல்ல. மறுநாள் முகம் கழுவப் போன இடத்துல விழுந்துட்டாரு."

கடைக்காரர் கட்டிலருகே குனிந்தார். "அண்ணே," என்றார். டிரைவரின் கண் அவர்மேல் ஊர்ந்தது. பிறகு அவர் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சின்ன அசைவுக்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"சங்கத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்மா," என்று கடைக்காரர் அழுதார். "அவர் பேரைத் திரும்பச் சேர்க்க வைக்கிறேன்."

"சேத்து வைங்க. அதை வந்து சொன்னா அவருக்குப் புரியுமான்னு டாக்டருக்கே தெரியல." அவள் தகப்பனின் போர்வையைச் சரிசெய்தாள். அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "ஆனா சொல்லுங்க சார், அப்பாவுக்காக இல்லாட்டியும் சொல்லுங்க. ஏமாந்து போறது அவமானம் இல்ல. எங்கப்பாவும் ஏமாந்தாரு, அதைத் தன்னோட நிறுத்திக்கிட்டாரு. நீங்களும் ஏமாந்தீங்க, ஆனா கட்டறதுக்கு இன்னொரு தலையைத் தேடினீங்க. போலியைச் செஞ்சவன் ஒருத்தன்தான் சார். அதைச் சாகவிடாம ஊர் ஊரா நடக்க வைக்கிறது, ஏமாந்தும் வாயைத் திறக்காத நம்மள மாதிரி நல்லவங்கதான்."