ஓடையின் குறுக்கே ஒரு கதவு

எங்கள் ஊர் வால்தெரோசாவிலிருந்து மலைச்சரிவில் இருக்கும் புனித கித்தேரியம்மாள் கோயிலுக்கு ஏழு கிலோமீட்டர். மே மாதத் திருநாளன்று ஊரே நடந்து போகும். அந்த வருஷம் எங்களோடு கதவும் வந்தது.

பழைய கதவைக் குளிர்காலப் புயல் பிய்த்துப் போட்டிருந்தது. நகரத்துக் கம்பெனியில் ஒன்று வாங்கிவிடலாம் என்றார் கோயில் கமிட்டித் தலைவர் அபுந்தியோ. ஊரில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் என் அண்ணி லெயோகாதியா எழுந்து, "நான் செஞ்சு தர்றேன்" என்றாள். அபுந்தியோ வாய்க்குள் சிரித்தார்.

ஒரே வாசலுக்கு, கஷ்கொட்டை மரத்தில் இரண்டு கதவுகள். நாலு மாச வேலை. விடியற்காலையில் நான் ரொட்டி அடுப்பு மூட்டும்போதே எதிர்ப்பட்டறையில் இழைப்புளிச் சத்தம் கேட்கும். ஒரு ஆணி இல்லை, எல்லாம் மரத்துக்குள் மரம் செருகிய பொருத்துத்தான்.

மழையில் டிராக்டர் பாதை சரிந்து போயிருந்ததால், கதவுக்கு நாலு பேராகத் தோளில் சுமந்தோம். காலை ஏழு மணிக்குக் குழலும் மேளமுமாகக் கிளம்பினோம். கோதுமை வயல் முடிந்து ஓக் மரங்களுக்குள் நுழைந்ததும் ஈர மண் வாசனையும் காட்டுத் தைம் செடியின் வாசனையும் சேர்ந்து வந்தன.

"கல்யாணத்தன்னிக்கு உன்னைத் தூக்கினேன் பாரு, அதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றான் எனக்கு முன்னால் சுமந்து வந்த அண்ணன் எலாதியோ, பக்கத்தில் நடந்து வந்த அண்ணியிடம்.

"நீ எங்க தூக்கின? வாசப்படியிலயே போட்டுட்ட. பேச்சைக் குறைச்சிட்டு நேரா புடி, மூலை மரத்துல இடிக்குது."

பாதி வழியில் ஓடை. போடப்பட்டிருந்த மரப்பாலத்தைக் காணோம். மலையில் பெய்த மழை அடித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு செந்தண்ணீர் சுழித்து ஓடியது. குழந்தைகள் இருந்தார்கள். வயதானவர்கள் இருந்தார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி ருஃபினா, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் வந்திருந்தாள்.

"திரும்பிரலாம். அம்மாள் கோவிச்சுக்க மாட்டா" என்றார் பங்குச்சாமி இகீனியோ, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி.

அண்ணி தண்ணீரைப் பார்த்தாள். பாறைக்குப் பாறை கண்ணாலேயே அளந்தாள்.

"கதவை எறக்குங்க. குறுக்க போடுங்க."

யாரும் அசையவில்லை. நான்தான் கேட்டேன்: "அண்ணி, நாலு மாசம் உக்காந்து செஞ்சது..."

"மரம்தானேடா ரமீரோ. கீறினா தேச்சுக்கலாம். யாராச்சும் தண்ணியோட போனா என்னத்தத் தேய்க்கிறது?"

போட்டோம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தன. அவளே முதலில் ஏறினாள். நடுவில் நின்று இரண்டு தரம் குதித்தாள். முனகல்கூட இல்லை. அக்கரையில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தாள். இருநூறு பேர், சேறு அப்பிய பூட்ஸ்கள், இரும்புப் பூண் போட்ட கைத்தடிகள். ருஃபினா வந்தபோது மட்டும் அண்ணி நடுவரைக்கும் போய் இடுப்போடு அணைத்துக் கூட்டி வந்தாள்.

கடைசி ஆள் அபுந்தியோ. கரையிலேயே நின்றார்.

"சாமி கதவை எப்படிம்மா மிதிக்கிறது?"

"இருநூறு பேரு மிதிச்சாச்சு, நீங்க ஒருத்தர் மிதிச்சா என்ன ஆயிரும்? வாங்க, தண்ணி ஏறுது."

அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையோடு, கைகளை விரித்து, கயிற்றில் நடப்பவர்போல வந்து சேர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

கோயிலில் கதவை நிறுத்தினால் ஒன்று நிலையில் சேரவில்லை. ஓடைத் தண்ணீர் தெறித்து ஊறி ஓரம் உப்பியிருந்தது. பூசைக்கு நேரமாகிவிட்டது.

"நீங்க ஆரம்பிங்க சாமி. நான் இழைச்சிர்றேன்."

"கதவு வரட்டும்மா. நாங்க உக்காந்திருக்கோம்" என்று அவரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

உச்சி வெயிலில் அண்ணி இழைத்தாள். மறுமுனையை யாரும் கேட்காமலே வந்து பிடித்துக்கொண்டார் அபுந்தியோ. கதவின் நடுவில் கைத்தடி குத்தி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அண்ணியின் விரல் அதில் போய் நின்றது.

"வலிக்குதா அண்ணி?" என்றேன், தணிந்த குரலில்.

"வலிக்காமயா?" என்றாள். கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி இழைக்க ஆரம்பித்தாள்.

கதவு ஏறியது. அவள் ஒற்றை விரலால் தள்ளினாள். மூச்சு விடுவதுபோல மெல்லிய சத்தத்தோடு மூடிக்கொண்டது. ஜெபப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதலில் கைதட்டியவர் பங்குச்சாமிதான்.

பூசை முடிந்ததும் முட்டை அடை, காரத் தொத்திறைச்சி, தோல்பையில் கொண்டுவந்த ஒயின் எல்லாம் சுற்றி வந்தன. வழக்கமாக அதன்பிறகு மாலைவரை ஆட்டம்தான். மேளக்காரர் குச்சியை எடுத்தபோது அண்ணன் உதட்டில் விரலை வைத்தான். அவன் மடியில் தலை வைத்து, தலைமுடியெல்லாம் மரச்சுருளோடு, அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்தார். இருநூறு பேர் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு ஆலிவ் கொட்டைகளைக்கூடச் சத்தமில்லாமல் துப்பினோம். இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தோம்.

திரும்பும்போது ஓடையில் முழங்காலளவு தண்ணீர்தான் இருந்தது. "இந்தத் தடவை கீழ போட மாட்டேன்" என்று அண்ணியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான் எலாதியோ.

"மெல்லடா, வழுக்கும்!" என்று அவள் கத்துவது அக்கரைவரைக்கும் கேட்டது.