தாழங்காட்டில் ஒரு பெயர்

மலைத்தாழையின் உச்சியிலிருந்து யாப்பா சீட்டியடித்தான். ஆள் தலையளவுக் குலை தொப்பென்று விழுந்தது. ஒதுங்கித் திரும்பிய அவன் இளைய மனைவி மாப்பி, பக்கத்தில் நின்ற மகளைக் காணாமல் திகைத்தாள். கிலுவே மலையின் மூடுபனியில் நீட்டிய கை தெரியாது. சரிவு முழுக்கப் பாசி மூடிய குழிகள்.

அவள் வாயைத் திறந்ததுமே மூத்தவள் வாமே பொத்தினாள்.

"பேரச் சொல்லிராத! கொட்டையெல்லாம் தண்ணியாப் போயிரும். அப்புறம் எதத் திங்கிறது, ஒங்கப்பன் ஊருப் புல்லையா?"

தாழங்காட்டுக்குள் யார் பெயரும் நாவில் வரக் கூடாது. காட்டுக்கென்று தனிச் சொற்கள் உண்டு. மாப்பி புல்வெளிப் பள்ளத்தாக்கிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அங்கே தாழையே கிடையாது.

"பிள்ளையை என்னன்னு கூப்பிடணும் அக்கா?"

"சிறுகுருத்துன்னு கூப்பிடு."

கூப்பிட்டாள். சரிவோரம் தவழ்ந்துகொண்டே, தொண்டை கமறக் கூப்பிட்டாள். பதில் இல்லை. குழந்தைக்குத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். அம்மா வேறு யாரையோ அழைக்கிறாள் என்று இருந்திருக்கும்.

"செவிட்டுப் பிள்ளையப் பெத்து வச்சிருக்கா" என்றான் ஒருவன். குலை சுமக்க வந்த நாங்கள் சிரித்தோம்.

கீழே கல் உருண்டது.

"இப்புலா!" மாப்பி அலறிவிட்டாள். "இப்புலா, அசையாத!"

"அம்மா" என்றது குரல், அவள் காலுக்கு நேர் கீழே.

வேரைப் பிடித்து இறங்கி, பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஏறி வந்தாள். அதற்குள் யாப்பா மரத்தைவிட்டு இறங்கியிருந்தான். பிள்ளையைப் பிடுங்கி வாமேயிடம் கொடுத்தான்.

"ஒடச்சுப் பாப்போம். தண்ணியா இருந்தா ஒன் அண்ணன் வீட்டுக்கு நடையக் கட்டு. பிள்ள எங்க கூட்டத்துது. இங்கதான் இருக்கும்."

குலையிலிருந்து ஒரு கொட்டையைப் பிய்த்துக் கல்லில் தட்டினான். வெள்ளைவெளேரென்று முழுப் பருப்பு.

"நல்லாத்தான இருக்கு?" என்றாள் மாப்பி. சிரிக்கக்கூடப் பார்த்தாள்.

அவன் அதைப் பின்னால் எறிந்துவிட்டு அடுத்ததைத் தட்டினான். அதுவும் முழுசு. அடுத்ததும்.

"போதும்யா. இன்னும் எத்தன ஒடைப்ப?"

எந்தக் குலையிலும் அடிப்பக்கம் முத்தாத கொட்டைகள் கிடக்கும். உடைத்தால் நீர்தான். சுமக்கிற எங்களுக்கே தெரியும், மரக்காரனுக்குத் தெரியாதா? நாங்கள் குனிந்து சுமைக் கயிறு முறுக்கினோம்.

அவன் எறிந்த பருப்பொன்று, பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்துவிட்ட வாமேயின் மடியில் விழுந்திருந்தது. இப்புலா அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து மென்றாள். யாப்பா நிதானமாகக் குலையைத் தலைகீழாகப் புரட்டினான்.