ரயில் சத்தம்

டிக்கெட்டம்மா மறுபடியும் ஹெட்போனைக் கழற்றி வீசினார். இந்த முறை அது தண்ணீர் ஜக்குக்குள் போய் விழுந்தது.

"ஏங்க, அதை அணைங்களேன்," என்றார் என்னைப் பார்த்து.

அறையில் நாங்கள் இருவர்தான். அந்த 'ஏங்க' கணவருக்கு. அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன.

டிக்கெட்டம்மா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இப்போது மறதி நோய். இந்த முதியோர் இல்லத்தில் யார் அறைக்குள் வந்தாலும் கையை நீட்டி டிக்கெட் கேட்பார். சிஸ்டர் "பாஸ்" என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார். நான் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது வேற வண்டி. சரி, இந்தத் தடவை போ," என்று தினமும் என்னை மன்னிப்பார்.

நான் உளவியல் படிக்கிறேன். மறதி நோயாளிகளுக்குப் பாட்டுப் போட எங்கள் துறையிலிருந்து தன்னார்வலர்களை அனுப்புவார்கள். பிடித்த பாட்டு எது என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும், அதை ஹெட்போனில் போட வேண்டும். அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான் சேர்ந்தேன். பக்கத்து அறைத் தையல்காரர் முதல் பாட்டுக்கு அழுதார், அடுத்த பாட்டுக்கு மிஷின் மிதிப்பதுபோல் காலை ஆட்டினார். டிக்கெட்டம்மாவுக்கு மகள் சொன்ன பாட்டுகளைத்தான் போட்டேன். எல்லாம் மென்மையான பழைய பாட்டுகள். எல்லாமே தரைக்கோ ஜக்குக்கோ போயின.

சிஸ்டர் வந்து ஈரத் தரையைப் பார்த்தார்.

"பாட்டு கேட்டா சாந்தமாயிடுவாங்கன்னு சொன்னீங்க. இது எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கு. நாளைக்கு டாக்டர் வர்றாரு. மாத்திரையைக் கூட்டச் சொல்லிடறேன்."

மாத்திரையைக் கூட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கூடத்தில் ஒருவர் அப்படித்தான் நாள் முழுக்கத் தலை தொங்க, வாயோரம் எச்சில் வழிய உட்கார்ந்திருக்கிறார். அவர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

"சரி சிஸ்டர்" என்றுதான் என் வாயில் வந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலிருந்தே டிக்கெட்டம்மாவின் மகளுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்தப் பாட்டெல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கும்னு எப்படித் தெரியும்?"

"இது என்ன கேள்வி? எங்க வீட்ல எப்பவும் அதுதானே ஓடும்."

"யார் போடுவாங்க?"

"அப்பாதான். ரேடியோ பக்கத்துல யாரையும் விடமாட்டாரு."

"அம்மா?"

"அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு யாரு கேட்டா?"

"அவங்க பாடுவாங்களா?"

மகள் சிரித்துவிட்டார். "அம்மாவா? தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி இருக்குன்னு அப்பா கிண்டல் பண்ணுவாரு. நான் கேட்டதே இல்ல."

"நாளைக்குக் காலையில வாங்கக்கா. டாக்டர் வர்றதுக்குள்ள."

காலையில் நான் பாட்டு எதுவும் போடவில்லை. டிக்கெட்டம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் டிக்கெட்டைக் காட்டி மன்னிப்பு வாங்கிய பிறகு கேட்டேன்.

"அம்மா, நீங்க பாடுவீங்களா?"

அவர் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"வாசக்கதவுகிட்ட வா. அங்க பாடலாம். வண்டி சத்தத்துல யாருக்கும் கேக்காது."

வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். முகம் சுருங்கியது.

"வண்டி ஏன் நின்னு கிடக்கு?"

போனில் ரயில் ஓடும் சத்தத்தைத் தேடி எடுத்தேன். வேறொரு ஹெட்போனை நீட்டினேன். அவரே வாங்கி மாட்டிக்கொண்டார். தடதடவென்ற சத்தம் வெளியே எனக்கும் லேசாகக் கேட்டது. அவர் உடம்பு வண்டியோடு ஆட ஆரம்பித்தது. கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

பிறகு பாடினார்.

குத்தாட்டப் பாட்டு. பாதி வரி மறந்துபோன இடங்களில் "தன்னானே"வைப் போட்டு நிரப்பினார். இத்தனை வருடம் ரயிலோடு போட்டி போட்ட குரல் அது, நாலு சுவருக்குள் அடங்கவில்லை. கணவர் சொன்னது உண்மைதான், தகரம்தான். நல்ல கெட்டித் தகரம்.

சிஸ்டர் ஓடி வந்தார். பின்னால் டாக்டர்.

"இது என்ன சந்தையா? நிறுத்தும்மா அதை!"

"மாட்டேன் சிஸ்டர்."

சொன்னது நான்தான் என்று புரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது.

"பாருங்க டாக்டர்," என்றார் சிஸ்டர். "தினம் இந்த ஆர்ப்பாட்டம்தான்."

"ஆர்ப்பாட்டம் இல்ல டாக்டர். பாடறாங்க." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இத்தனை நாளும் அவங்க தூக்கி எறிஞ்சது அவங்க வீட்டுக்காரரோட பாட்டை. பிடிக்காததைக் காதுல மாட்டினது நாங்க. எங்க தப்புக்கு அவங்க ஏன் மாத்திரை முழுங்கணும்?"

"மத்தவங்களுக்குத் தொந்தரவு இல்லையா?" என்றார் டாக்டர்.

பக்கத்து அறையிலிருந்து தரையில் கால் தட்டும் சத்தம் வந்தது. தையல்காரர் மிஷினை வேகமாக மிதித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சுவரைப் பார்த்தார்.

மகள் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தோள்பையைக்கூட இறக்காமல் நிலைப்படியில் நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை கூட்ட வேண்டாம் டாக்டர்," என்றார். "நான் சம்மதிக்க மாட்டேன்."

"யோசிச்சு சொல்லுங்க. கத்திக் கத்தி அவங்களே களைச்சுடுவாங்க."

"களைச்சா நிறுத்துவாங்க. அதுவரைக்கும் யாரும் நிறுத்த வேண்டாம்."

டாக்டர் கட்டிலருகே போனார். டிக்கெட்டம்மா பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"டிக்கெட்."

டாக்டர் சிரித்தார். "நான் டாக்டர்மா."

"யாரா இருந்தா எனக்கென்ன? டிக்கெட் இல்லேன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு."

டாக்டர் பையைத் தடவினார். எதுவும் இல்லை. சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தத்தைக் குறை என்று எனக்குச் சைகை காட்டினார்.

டிக்கெட்டம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். நான் ரயில் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.