விழுங்கிய புகை

எங்கள் குடும்பத்தில் அண்ணன் முன்னால் தம்பி பீடி பிடித்ததில்லை. கரையான்சாவடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் தம்பி ஜெயராமன் பிடிப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆகவே கிணற்றடிக்குப் போகுமுன் நான் தொண்டையைச் செருமுவேன். அவன் வாயிலிருந்த புகையை அப்படியே விழுங்கிவிட்டு, "இன்னா அண்ணாத்தே?" என்று எழுந்து நிற்பான். முப்பது வருஷ மரியாதை.

நாற்பத்தாறாம் வருஷம் தை மாதம் அவன் இருமலில் ரத்தம் வந்தது. ஆளும் பாதியாக இளைத்தான். காசநோய் என்று ஊர் வாய் திறக்குமுன் பட்டணத்து டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

அவர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "காசம் இல்லை. நுரையீரல்ல கட்டி. பீடி, சுருட்டு உண்டா?"

"எங்க வம்சத்துலயே கெடையாது" என்றேன்.

ஜெயராமன் கூரையைப் பார்த்தான்.

"வாசனை இங்க வரைக்கும் வருதே?"

"வண்டிக்காரன் புடிச்சிருப்பான்."

"பெரியவரே, கொஞ்சம் வெளியே நில்லுங்க. உண்மை தெரியாம நான் எப்படி வைத்தியம் பண்றது?"

நின்றேன். கதவு மெல்லியது.

"ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு சார். அண்ணாத்தே ஊட்ல கீறாருன்னா ஒன்றரை."

"புகை பட்டுப் பட்டு நுரையீரலோட உள்தோல் புண்ணாகும். புண்ணாறித் திரும்பத் திரும்ப வளர்றப்போ ஒரு இடத்துல அளவு தப்பிடும். அப்புறம் அது நிக்காம வளரும். இருபது வருஷம் வலியே தெரியாது. புகைதான் காரணம்னு நான் நம்புறேன். எல்லா டாக்டரும் இன்னும் ஒத்துக்கலை."

என் செருமலுக்காக எத்தனை வாய்ப் புகை உள்ளே போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"பொழைப்பேனா சார்?"

"உறுதி சொல்ல மாட்டேன். ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம். மூச்சு தாங்கணும்னா இன்னைக்கே பீடியை விடணும்."

"எப்டி சார் வுடறது? அண்ணாத்தே கணக்குல நான் புடிக்கவே இல்லியே!"

நான் உள்ளே போனேன். தம்பிக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் நீட்டினேன்.

"குடு."

"இன்னாத்த அண்ணாத்தே?"

"பேர் சொல்ல வைக்காதடா."

பிறகு உள்ளங்கையில் ஒரு கட்டு விழுந்தது. கையை மடக்காமல் நின்றேன். இன்னொரு கட்டு. அப்போதும் மடக்கவில்லை. பெருமூச்சு ஒன்று கேட்டது; தீப்பெட்டியும் வந்தது.

"ஆபரேஷனுக்கு நாள் சொல்லுங்க" என்றேன், டாக்டரை மட்டும் பார்த்தபடி.